பில்லை யார் தலையில கட்டுறது? - பிரிட்டனும் அகதிகள் தங்குமிடமும்

2022 குளிர்காலம். ஆபீஸ் வேலையா மூணு வாரம் இங்கிலாந்து போயிருந்தேன். நம்ம டீம் ஆளுங்க யார் போனாலும் தங்குற ஹோட்டல் ஒண்ணு உண்டு. க்ளையண்ட் ஆபீஸ்ல இருந்து பத்து நிமிஷ நடை, காலையில இட்லி கிடைக்காட்டியும் முட்டை கிடைக்கும். இந்த தடவை டிராவல் டெஸ்க்ல கையை விரிச்சிட்டாங்க. "அங்கே இனிமே ரூம் கிடையாது, மொத்த ஹோட்டலையும் அரசாங்கமே எடுத்துக்கிச்சு"ன்னு பதில். எங்களை பன்னிரண்டு மைல் தள்ளி வேற எங்கேயோ போட்டாங்க.

தினமும் பஸ்ஸுல அந்தப் பழைய ஹோட்டலைத் தாண்டித்தான் போவேன். வாசல்ல செக்யூரிட்டி. ரெண்டாவது மாடி ஜன்னல்ல மூக்கை ஒட்டி வெச்சுக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு. அந்தக் குளிர்ல வெறும் ரப்பர் செருப்போட நாலஞ்சு ஆம்பளைங்க நின்னு புகை விட்டுக்கிட்டு இருப்பாங்க. பக்கத்து சீட்டு நண்பர், நம்மூர்க்காரர்தான், பத்து வருஷமா அங்கே இருக்கிறவர், "எல்லாம் நம்ம வரிப்பணத்துல ஓசி ரூம் பாஸு"ன்னார். நானும் தலையை ஆட்டி வெச்சேன்.

அப்படி ஆட்டினது அப்புறமா உறுத்த ஆரம்பிச்சுது. ஒரு அரசாங்கம் எதுக்குங்க ஹோட்டல் ஹோட்டலா வாடகைக்கு எடுக்கணும்? கணக்குத் தெரியாதவங்களா அவங்க? ராத்திரி ஆணி இல்லாத நேரமா பாத்து படிக்க ஆரம்பிச்சேன். ஒரு நூறு வருஷம் பின்னாடி இழுத்துட்டுப் போயிடுச்சு. படிச்சதை இங்கே கொட்டுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல வந்த விருந்தாளிகள்

1914 ஆகஸ்ட்ல ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள்ள புகுந்துது. அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல சுமார் 2,50,000 பெல்ஜியர்கள் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தாங்க. லண்டன்ல எர்ல்ஸ் கோர்ட், அலெக்ஸாண்ட்ரா பேலஸ் மாதிரி பெரிய கட்டிடங்களைத் திறந்து விட்டாங்க. ஊர் ஊருக்கு கமிட்டி போட்டு வீட்டுலயும் தங்க வெச்சாங்க. வடக்கே பர்ட்லிங்கிற ஊர்ல குண்டுத் தொழிற்சாலையில வேலை செய்ய வந்த பெல்ஜியர்களுக்காக எலிசபெத்வில்னு தனி கிராமமே கட்டினாங்க. அதுக்குப் பள்ளிக்கூடம், கடை, பெல்ஜியம் போலீஸ் எல்லாம் உண்டு.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. வந்தவங்க வேலை செஞ்சாங்க. போர் முடிஞ்சதும் பெரும்பாலானவங்களைத் திருப்பி அனுப்பியாச்சு. அதனால இந்தக் கதை நல்ல கதையாவே நின்னுடுச்சு.

1930கள்ல நிலைமை வேற. ஜெர்மனியில இருந்து வர்ற யூதர்களால அரசாங்கக் கஜானாவுக்கு ஒரு பென்னி செலவு இருக்காதுன்னு பிரிட்டிஷ் யூத சமூகத் தலைவர்கள் 1933ல் உத்தரவாதம் கொடுத்தாங்க. அதை நம்பித்தான் கதவு கொஞ்சம் திறந்துது. 1937 மே மாசம் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல இருந்து சுமார் 4,000 பாஸ்க் குழந்தைகள் கப்பல்ல சவுத்தாம்ப்டன் வந்து இறங்கினாங்க. "வரட்டும், ஆனா நாங்க காசு தர மாட்டோம்"னு சொல்லிடுச்சு அரசாங்கம். குழந்தைக்கு வாரம் பத்து ஷில்லிங் பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணித்தான் ஆகணும்னு நிபந்தனை. அந்தப் பிள்ளைங்க முதல்ல தங்கினது வயல்ல போட்ட கூடாரத்துல. 1939ல் கென்ட் பகுதியில காலியா கிடந்த பழைய ராணுவ முகாம் ஒண்ணுல சுமார் 4,000 யூத ஆண்கள் தங்கினாங்க. கிச்சனர் கேம்ப்னு பேர். அதுக்கும் தர்மக் காசுதான்.

ஆனா தர்மக் காசு எத்தனை நாளைக்குத் தாங்கும்? போர் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல அந்த உத்தரவாதம் கொடுத்தவங்களால சுமையைத் தாங்க முடியலை. கடைசியில அரசாங்கமே பாதிச் செலவை ஏத்துக்க வேண்டியதாச்சு. "என் பணம் இல்லை"ன்னு ஆரம்பிச்சு அரசாங்கம் பில் கட்டின முதல் சம்பவம் இது. இன்னும் வரும்.

இங்கே வராதீங்க ப்ளீஸ்

1972ல் இடி அமீன் உகாண்டாவுல இருந்து ஆசியர்களைத் துரத்தினப்ப சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்தாங்க. அரசாங்கம் தனி வாரியம் அமைச்சு, காலி ராணுவத் தளங்கள் உட்பட 16 முகாம் திறந்துது. எந்த ஊருக்குப் போகலாம், போகக்கூடாதுன்னு பச்சை ஊர், சிவப்பு ஊர்னு பிரிச்சாங்க. லெஸ்டர் மாநகராட்சி ஒரு படி மேல போய், உகாண்டா பேப்பர்லயே "எங்க ஊருக்கு வராதீங்க, இடம் இல்லை"ன்னு விளம்பரம் போட்டுச்சு. ஆனா சொந்தக்காரன், கடை, கோயில் எங்கே இருக்கோ அங்கேதானே ஜனம் போகும்? நிறைய பேர் லெஸ்டருக்கே போனாங்க. இன்னைக்கு அந்த ஊரோட அடையாளமே அவங்கதான்.

1979க்கு அப்புறம் வியட்நாம் படகு மக்கள். இவங்களை நாடு முழுக்க நாலஞ்சு குடும்பமா தூவி விட்டாங்க. பக்கத்துல பேச ஆள் இல்லை, வேலை இல்லை. சில வருஷத்துலயே நிறைய பேர் மூட்டை முடிச்சோட லண்டன், பர்மிங்ஹாம் பக்கம் கிளம்பிட்டாங்க. அப்படித் தூவினது தப்புன்னு 1985ல் நாடாளுமன்றக் குழுவே எழுதிச்சு. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பதினஞ்சு வருஷத்துல மறுபடி வரும்.

நம்மாளுங்க வந்த கதையும் ஒரு கப்பலும்

இது வரைக்கும் வந்தவங்க எல்லாம் "அரசாங்கம் முடிவு பண்ணி உள்ளே விட்ட" கூட்டம். தனித்தனியா விமானம் ஏறி வந்து, இறங்கின இடத்துல "தஞ்சம் வேணும்"னு கேட்கிறது வேற. அப்படி வந்து பிரிட்டனோட சட்டத்தையே மாத்த வெச்சவங்கள்ல முக்கியமானவங்க ஈழத்தமிழர்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் வரத்து கூடுச்சு. 1985 மே மாசம் இலங்கைக்காரங்களுக்கு விசா கட்டாயம்னு அறிவிச்சாங்க. காமன்வெல்த் நாடு ஒண்ணுக்கு பிரிட்டன் விசா கேட்டது அதுதான் முதல் தடவை. 1987 பிப்ரவரியில ஹீத்ரோ விமான நிலையத்துல சுமார் அறுபது தமிழர்களைத் திருப்பி அனுப்பப் பாத்தப்ப, சிலர் ஓடுபாதையிலயே உடையைக் களைஞ்சு உள்ளாடையோட நின்னு போராடினாங்க. கோர்ட் தலையிட்டு அப்போதைக்கு நிறுத்தி வெச்சுது. அதே வருஷம், சரியான விசா இல்லாத ஆளை ஏத்தி வந்தா தலைக்கு 1,000 பவுண்டு அபராதம்னு விமான கம்பெனிகளுக்கு சட்டம் போட்டாங்க.

வந்து சேர்ந்தவங்களை எங்கே வைக்கிறது? தடுப்பு மையங்கள்ல இடம் இல்லை. அரசாங்கத்துக்கு ஒரு ஐடியா. 'ஏர்ல் வில்லியம்'னு ஒரு பழைய பயணிகள் கப்பலை வாடகைக்கு எடுத்து, 1987ல் ஹார்விச் துறைமுகத்துல கட்டிப்போட்டு, அதுல ஆளுங்களை அடைச்சாங்க. காவலுக்குத் தனியார் செக்யூரிட்டி. உள்ளே இருந்தவங்கள்ல நிறைய பேர் தமிழர்கள்.

1987 அக்டோபர் 15 ராத்திரி. பிபிசி வானிலைக்காரர் மைக்கேல் ஃபிஷ் அன்னிக்கு மதியம்தான் டிவியில சூறாவளி எல்லாம் ஒண்ணும் இல்லை, கவலைப்படாதீங்கங்கிற மாதிரி பேசி, காலத்துக்கும் அழியாத புகழைச் சம்பாதிச்சுக்கிட்டார். விடியறதுக்குள்ள தெற்கு இங்கிலாந்துல கோடிக்கணக்கான மரம் சாய்ஞ்சுது. அந்தக் காத்துல கப்பலோட கட்டும் அறுந்து, ஆளுங்களோட நகர்ந்து போய் மணல் திட்டுல தட்டி நின்னுது. போருக்குத் தப்பி வந்தவன், பூட்டின கப்பலுக்குள்ள, இருட்டுல, புயல்ல... நினைச்சுப் பாருங்க.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? உள்ளே இருந்தவங்களைத் தற்காலிக அனுமதி கொடுத்து வெளியே விட்டுட்டாங்க. அடைச்சு வெச்சே ஆகணும்னு அத்தனை செலவு பண்ணினவங்க, ஒரு ராத்திரி காத்தடிச்சதும் "சரி, வெளியவே இருங்க"ன்னுட்டாங்க. அப்போ முதல்லயே விட்டிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? இதைப் படிச்சப்பதான் எனக்கு முதல் தடவையா சந்தேகம் வந்துது. இந்தச் செலவு எல்லாம் தங்க வைக்கிறதுக்கா, இல்லை "வராதே"ன்னு அடுத்தவனுக்குக் காட்டுறதுக்கா?

வெட்டினா குறையும்னு நினைச்ச செலவு

1990கள் நடுவுல வரைக்கும் தஞ்சம் கேட்டு வந்தவங்க, உள்ளூர் ஏழை மாதிரியே அரசாங்க உதவித்தொகையில ஒரு பங்கு வாங்கிக்கிட்டு, கிடைச்ச இடத்துல தங்கினாங்க. 1996 பிப்ரவரியில, நாட்டுக்குள்ள வந்த பிறகு விண்ணப்பிச்சவங்களுக்கு அந்தப் பணம் கட். ஜூன்ல கோர்ட் இது செல்லாதுன்னுச்சு. ஜூலைல நாடாளுமன்றத்துல சட்டமாவே போட்டு மறுபடி கட். சரி, மிச்சம் ஆச்சுன்னு நினைச்சிருப்பாங்க.

அக்டோபர்ல வந்துது ஆப்பு. 1948ல் போட்ட தேசிய உதவிச் சட்டம்னு ஒண்ணு தூங்கிக்கிட்டு இருந்துது. கதியில்லாத மனுஷனுக்கு உள்ளூர் கவுன்சில் தங்க இடம் கொடுத்தே ஆகணும்கிறது அதோட சாரம். இவங்களுக்கும் அது பொருந்தும்னு ஹைகோர்ட் சொல்லிடுச்சு. மத்திய அரசு வெட்டின செலவு நேரா லண்டன் கவுன்சில்கள் தலையிலயும், துறைமுகம் இருக்கிற கென்ட் தலையிலயும் விழுந்துது. இதுல கூத்து என்னன்னா, அந்தச் சட்டப்படி கையில காசு கொடுக்க முடியாது. இடமும் சாப்பாடும் பொருளாத்தான் கொடுக்கணும். அதனால மலிவான வழியான உதவித்தொகையை வெட்டி, அதை விட செலவு பிடிக்கிற வழிக்கு வந்து நின்னாங்க.

நம்ம தொழில்ல இது தினம் நடக்கிறதுதான். ஒரு மாட்யூல்ல மெமரி கம்மி பண்ணிட்டோம்னு ரிப்போர்ட் போடுவோம். பாத்தா பக்கத்து சர்வர் மூச்சு முட்டிக்கிட்டு இருக்கும்.

கூப்பன் காலம்

1999 சட்டத்துல எல்லாத்தையும் மத்திய அரசே திரும்ப எடுத்துக்கிச்சு. 2000 ஏப்ரல்ல இருந்து தஞ்சம் கேட்கிறவங்களுக்கு வீடு உண்டு. ஆனா எங்கேன்னு அவங்க சொல்ல முடியாது. கிளாஸ்கோ, லிவர்பூல், நியூகாசில்னு, உள்ளூர்க்காரன் குடிபோக மாட்டேன்னு விட்ட அடுக்குமாடிகளுக்கு அனுப்பினாங்க. 1985ல் தப்புன்னு எழுதி வெச்ச அதே தூவல்தான். காசுக்குப் பதிலா கூப்பன். பெரியவங்களுக்கு வாரம் 36.54 பவுண்டு, அதுல 10 பவுண்டு மட்டும் ரொக்கமா மாத்திக்கலாம்.

ஈஸ்ட் ஹாம்ல நான் மளிகை வாங்குற கடை அண்ணா ஒருத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். 2000ல் வந்தவர். பேச்சுவாக்குல கூப்பன் பத்திக் கேட்டேன். சிரிச்சார். "மூண்டு பவுண்சுக்கு சாமான் வாங்கினாலும் அஞ்சு பவுண்ஸ் துண்டைக் குடுத்திட்டு வரவேண்டியதுதான் தம்பி. மிச்சக் காசு தரமாட்டினம். பின்னால லைன்ல நிக்கிறவை எல்லாம் எங்களையே பாப்பினம்" அப்படின்னார். மிச்சக் காசு தரக்கூடாதுங்கிறது கடைக்காரர் புத்தி இல்லைங்க, திட்டத்தோட விதியே அதுதான். தொழிற்சங்கங்கள் எல்லாம் போராடி, 2002ல் கூப்பனை எடுத்துட்டு ரொக்கம் கொடுத்தாங்க.

அதே 2002 ஜூலைல வேற ஒரு கதவை சத்தமில்லாம சாத்தினாங்க. அதுவரைக்கும் ஆறு மாசத்துல முடிவு வரலைன்னா வேலை செய்ய அனுமதி கேட்கலாம். அது ரத்து. பிறகு ஒரு வருஷம் காத்திருந்தா கேட்கலாம்னு வந்துது. 2010ல் இருந்து அதுவும் ஆள் பற்றாக்குறை பட்டியல்ல இருக்கிற வேலைக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க.

இதைப் பத்தி அண்ணா சொன்னதை அப்படியே போடறேன். "எனக்கு ஆறு மாசத்தில வேலைக்குப் போகலாம் எண்டு கடிதம் வந்தது. பேக்கரியில இரவு வேலை. அதுக்குப் பிறகு அரசாங்கத்தின்ர ஒரு சதமும் நான் வாங்கேல்லை. என்ர தம்பி 2003ல வந்தவன். அவனுக்கு வேலை செய்ய விடேல்லை. நாலு வருசம் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தவன். இப்பவும் அவன் பெரிசா கதைக்கிறதில்லை."

ஒரே வீட்டுப் பிள்ளைங்க, மூணு வருஷ வித்தியாசம். ஒருத்தர் வரி கட்டினார், இன்னொருத்தருக்கு அதே அரசாங்கம் நாலு வருஷம் வாடகை கட்டுச்சு. எந்த அறிக்கையை விடவும் இந்தக் கணக்கு எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

ஹோட்டல் எப்படி வந்துது

2012ல் வீடு கொடுக்கிற வேலையை மூணு பெரிய தனியார் ஒப்பந்தக்காரங்ககிட்ட விட்டாங்க. செலவு குறையும்னுதான் சொன்னாங்க. வீடு எங்கே மலிவோ அங்கேதான் அவங்க எடுப்பாங்க. அதனால ஏழை ஊர்கள்லயே ஆள் குவிஞ்சாங்க. மிடில்ஸ்பரோல அகதிகள் வீட்டுக் கதவு பூரா சிவப்புப் பெயிண்ட்டா இருந்து, யார் வீடுன்னு ஊருக்கே தெரிஞ்சு முட்டை, கல்லு வீச்சு நடக்குதுன்னு 2016ல் பெரிய சர்ச்சை ஆச்சு.

2019ல் பத்து வருஷத்துக்குப் புது ஒப்பந்தம். செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ்னு மூணு கம்பெனி. பத்து வருஷத்துக்கும் சேர்த்து 450 கோடி பவுண்டு ஆகும்னு மதிப்பீடு. கொரோனாவுக்கு முன்னாடி ஹோட்டல்ல இருந்தவங்க மூவாயிரத்துக்கும் குறைவு. கொரோனா வந்ததும் யாரையும் வெளியே அனுப்ப முடியாம ஹோட்டலைத் திறந்தாங்க. அந்தப் பக்கம் ரப்பர் படகுல கால்வாய் தாண்டி வர்றவங்க எண்ணிக்கை, 2018ல் 299, 2022ல் 45,755.

ஆனா வரத்து மட்டும் காரணம் இல்லை. முடிவு சொல்ற வேகம் படுத்துடுச்சு. 2022 கடைசியில 1,32,000 விண்ணப்பம் முதல் முடிவுக்கே காத்துக்கிட்டு இருந்துது. க்யூல ஆள் சேர்ந்துக்கிட்டே இருக்கான், ப்ராசஸ் பண்ற த்ரெட் தூங்குது. வேலையும் செய்யக்கூடாது. அப்போ க்யூல நிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தினமும் படுக்கையும் சாப்பாடும் யார் தர்றது? நான் பஸ்ஸுல பார்த்த ஹோட்டல் அந்த க்யூதான்.

2023 செப்டம்பர்ல ஹோட்டல்ல 56,042 பேர். 400க்கு மேல ஹோட்டல். ஒரு நாளைக்கு சுமார் 80 லட்சம் பவுண்டு. 2024-25 கணக்குப்படி ஹோட்டல்ல ஒருத்தருக்கு ஒரு ராத்திரிக்கு சுமார் 145 பவுண்டு, சாதாரண வீட்டுலன்னா சுமார் 23 பவுண்டு. தங்குறவங்கள்ல ஹோட்டல்ல இருந்தவங்க 35 சதவீதம்தான், செலவுல 76 சதவீதம் அதுக்கே போச்சுன்னு தணிக்கை அலுவலகம் 2025 மே மாசம் சொல்லுச்சு. 450 கோடின்னு போட்ட மதிப்பீடு 1,530 கோடி பவுண்டா வீங்கியிருந்துது. 2019 செப்டம்பர்ல இருந்து 2024 ஆகஸ்ட் வரைக்கும் மூணு கம்பெனியும் காட்டின லாபம் 38.3 கோடி பவுண்டு.

ஜன்னல்ல மூக்கை ஒட்டி நின்ன அந்தப் பொண்ணுக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்போ ஹோட்டல்ல இருந்தவங்க கையில கொடுத்தது வாரத்துக்கு பத்து பவுண்டுக்கும் கீழே.

மறுபடியும் கப்பல்

செலவைக் குறைக்க என்ன பண்ணினாங்கன்னு யூகிச்சிருப்பீங்க. ஆமா, கப்பல்! 2023 ஆகஸ்ட்ல 'பிபி ஸ்டாக்ஹோம்'னு மிதக்கும் விடுதியை போர்ட்லாண்ட் துறைமுகத்துல கட்டினாங்க. முதல்ல ஏறினவங்களை நாலே நாள்ல இறக்க வேண்டியதாச்சு, தண்ணியில லெஜியோனெல்லா கிருமி. அக்டோபர்ல மறுபடி ஏத்தினாங்க. டிசம்பர்ல உள்ளே ஒருத்தர் இறந்து போனார். 2024 நவம்பர்ல காலி பண்ணிட்டாங்க. ஏர்ல் வில்லியம் கதை யாருக்குமே ஞாபகம் வரலையா?

ஸ்காம்ப்டன் விமானப்படைத் தளத்துல சுமார் 6 கோடி பவுண்டு செலவழிச்சு, ஒருத்தர் கூட குடிவராமலே 2024ல் கைவிட்டாங்க. நார்த்ஐ பழைய சிறைச்சாலையை 2022ல் ஒருத்தர் 63 லட்சம் பவுண்டுக்கு வாங்கினதை, ஒரே வருஷத்துல அரசாங்கம் 154 லட்சத்துக்கு வாங்குச்சு. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ். ஆள் யாரும் தங்கலை. இந்த மாதிரி பெரிய இடங்கள் ஹோட்டலை விட அதிகமாத்தான் செலவு வைக்கும்னு தணிக்கை அலுவலகம் 2024 மார்ச்லயே சொல்லியிருந்துது. ருவாண்டா திட்டத்துக்கு சுமார் 70 கோடி. அங்கே போனது நாலு பேர், அதுவும் தானா விருப்பப்பட்டு.

இன்னொண்ணு. இந்த ஹோட்டல் பில்லுல பெரிய பங்கு எந்தக் கணக்குல போச்சு தெரியுமா? வெளிநாட்டு உதவி! அகதியோட முதல் வருஷச் செலவை அப்படிக் காட்டலாம்னு சர்வதேச விதி இருக்கு. 2023ல் பிரிட்டனோட வெளிநாட்டு உதவியில 27.9 சதவீதம், சுமார் 430 கோடி பவுண்டு, உள்நாட்டுலயே செலவாச்சு. எங்கேயோ ஆப்பிரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காசு, இங்கே ஹோட்டல் வாடகையாச்சு. பில்லை 1996ல் கவுன்சில் தலையில, 2023ல் இன்னொரு நாட்டு ஏழை தலையில.

கடைசியா

2024 ஆகஸ்ட்ல ராதர்ஹாம் பக்கத்துல ஒரு ஹோட்டலுக்கு, உள்ளே 200 பேருக்கு மேல இருக்கும்போதே, ஒரு கூட்டம் தீ வைக்கப் பாத்துது. 2025 கோடையில எப்பிங்ல ஒரு ஹோட்டல் முன்னாடி வாரக்கணக்கா போராட்டம். அங்கே தங்கியிருந்த ஒருத்தன் மேல பாலியல் குற்றச்சாட்டு, பிறகு தண்டனையும் கிடைச்சது. அந்த ஊர்க்காரங்க கோபத்தை நான் மொத்தமா தப்புன்னு சொல்ல மாட்டேன். தங்க ஊர்ல கேட்காம கொள்ளாம முடிவெடுத்தா யாருக்கும் கோபம் வரும். ஆனா ஒருத்தன் செஞ்சதுக்கு ஜன்னல்ல நிக்கிற குழந்தையும் சேர்த்தா பதில் சொல்லணும்? 2025 ஜூன்ல ஹோட்டல்ல இருந்தவங்க எண்ணிக்கை 32,059ஆ இறங்கியிருந்துது. ஹோட்டலை மூடிட்டு ராணுவ முகாமுக்கு மாத்தப் போறோம்னு அக்டோபர்ல அறிவிச்சாங்க. 1914, 1939, 1972... சுத்திச் சுத்தி சுப்பன் கொல்லையிலதான்.

நூறு வருஷக் கதையில எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். சீக்கிரமா ஆமா, இல்லைன்னு முடிவு சொல்லி, நடுவுல வேலை செய்ய விட்ட காலத்துல பில் சின்னதா இருந்துது. "வராதே"ன்னு காட்டுறதுக்காக கஷ்டப்படுத்தினப்ப எல்லாம், கஷ்டம் அகதிக்கும், பில் வரி கட்டுறவனுக்கும், லாபம் நடுவுல இருக்கிறவனுக்கும் போச்சு.

நண்பர்கிட்ட ஏர்ல் வில்லியம் கதையைச் சொன்னேன். "அதுல நம்மாளுங்களா இருந்தாங்க?"ன்னு கேட்டார். ஆமான்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் மீட்டிங் போயிட்டோம்.

டிஸ்கி: "நம்ம மண்டபம் முகாம் மட்டும் என்ன வாழுதாம்?"னு பின்னூட்டத்துல கேட்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்வி. அது தனிப் பதிவு, கண்டிப்பா எழுதறேன்.